கேணலின் தங்கை

அண்ணையிடம் எதையும் கேட்க எனக்குப் பயமாக இருக்கும். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்.

நான் கலியாணம் முடித்து ஜெர்மனிக்கு வந்த புதிதில், கூடப்பிறக்காத இந்த அண்ணையையும் அவருடைய மனைவியையும் முதன்முதலாக வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்திருந்தேன். எல்லாரும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்க, என் வாய் சும்மா இருக்கவில்லை. “கறி எப்பிடி அண்ணை?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு வாயை மென்று விழுங்கி, கொஞ்சம் யோசித்து, “இறைச்சி அவியேல்லை தங்கச்சி. உப்பும் காணாது. புட்டு நல்லாயிருக்கு,” என்றார். மேசைக்குக் கீழே அக்கா அவருடைய காலை மிதித்திருக்கிறா. மனுஷன் குனிந்து பார்த்துவிட்டு, “ஏன் காலை மிதிக்கிறாய்?” என்று கேட்டார். இந்த மனுஷனை இனி வாசற்படி ஏற்றுவதில்லை என்று அன்றைக்கு மனதுக்குள் சபதம் எடுத்தேன். ஆனால் அடுத்த மாதமே திரும்பவும் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் இருந்தது நாலைந்து தமிழ்க் குடும்பங்கள். அதற்குள் யாரோடு கோபித்துக்கொண்டு யாரோடு கதைப்பது?

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய பெயரையும் சொல்ல மாட்டேன். எசனிலிருந்து ரயிலேறி, இடையில் ஒரு தடவை மாறி, மலைப் பக்கமாக வந்தால் வருகிற ஒரு சின்ன ஊர். ஒரு ஆறு, ஒரு கத்தோலிக்கக் கோயில், கோயிலோடு ஒட்டினாற்போல் ஊராட்களைப் புதைக்கிற சேமக்காலை, அதற்கு நேரெதிரே நான் வேலை செய்த, ரொட்டியும் கேக்கும் சுட்டு விற்கிற பாண்கடை. பெயரைச் சொன்னால் அந்தச் சேமக்காலையின் ஒரு மூலையில் நிற்கிற கல் ஒன்றுக்கு வில்லங்கம் வரும். அந்தக் கல் அங்கேயே நிற்கவேண்டும் என்பது என் விருப்பம்.

அண்ணை யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள். கடலுக்குப் போன மனுஷன். அகதியாக வந்து விசாரணைக்குப் போன கதையை அக்கா ஒருநாள் பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக எனக்குச் சொன்னா. முகாமில் எல்லாரும் விசாரணைக்கு முதல் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஆளுக்காள் சொல்லிக்கொடுப்பார்களாம். உயிர்ப்பயம், நான் பிழை சொல்ல மாட்டேன். அண்ணையிடம் அதிகாரி, உங்களை அடித்தார்களா என்று கேட்டாராம். “இல்லை. தம்பியைத்தான் கொண்டு போனவங்கள். என்னை அடிக்க முந்தி நான் ஓடி வந்திட்டன்,” என்று இவர் சொல்லியிருக்கிறார். மொழிபெயர்க்க வந்த தமிழர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணை, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ,” என்று மெல்லமாகச் சொன்னாராம். இவர் அதிகாரியைப் பார்த்து, “இவர் என்னை யோசிக்கச் சொல்லுறார். நான் யோசிச்சுத்தான் சொன்னனான்,” என்றாராம். கூட வந்தவர்களுக்கெல்லாம் வதிவிட அனுமதி கிடைத்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இவருக்குச் சில மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற ‘டுல்டுங்’, இப்போதைக்கு நாடு கடத்தமாட்டோம் என்கிற கடதாசிதான் வருஷக்கணக்காக. “கண்டறியாத உண்மை,” என்று அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டா.

இன்னொரு தடவை ஹனோவரிலிருந்து ஒரு குடும்பம் ஃபோன் எடுத்தது. அவர்களுடைய மகளுக்கு எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனைப் பேசியிருந்தார்கள். விசாரிக்க வேறு ஆள் கிடைக்காமல் அண்ணையைப் போய்க் கேட்டிருக்கிறார்கள். “பெடியன் தங்கம். குடி இல்லை, புகை இல்லை. வேலைக்குத்தான் போகான்,” என்றாராம். கலியாணம் குழம்பிப்போனது. பெடியனின் தாய் பாண்கடைக்கே வந்து, சனம் பார்க்க, அண்ணையைத் திட்டித் தீர்த்தா. அவர் கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப, வேலைக்குப் போறவனோ?” என்று ஒன்றே ஒன்று கேட்டார். அந்த மனுஷி பாணை எடுத்துக்கொண்டு போனா.

அப்படிப்பட்ட மனுஷன் தன் சீவியத்தில் ஒரு பொய் சொன்னார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஒரே பிள்ளை. நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டாள். நான் ஜெர்மனிக்கு வருவதற்கு முந்தின வருஷம் அது. நான் அவளைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். அக்கா பிள்ளையைப் பற்றிக் கதைப்பா, குழியடியில் போய் நின்று பிள்ளையோடும் கதைப்பா. அண்ணை ஒரு சொல் கதைக்க மாட்டார். நாங்கள் கதைத்தால் எழும்பி வெளியே போய்விடுவார்.

பிள்ளையை அடக்கம் செய்கிற நேரம், சேமக்காலை அலுவலகத்தில் இரண்டு விதமான இடம் காட்டினார்களாம். ஒன்று குடும்ப இடம். அதைக் காலம் முடிய முடிய நீடித்துக்கொண்டே போகலாம், பிறகு தாய் தகப்பனும் அதிலேயே படுக்கலாம். மற்றது, பழைய மதிலோரம் சின்னப் பிள்ளைகளைக் கிடத்துகிற வரிசை. குடும்ப இடம் என்றதும் அக்கா காதைப் பொத்திக்கொண்டாவாம். சண்டை முடிந்தால் ஊருக்குப் போகிற எங்களுக்கு இங்கே எதற்குக் குழியும் கிடங்கும் என்று கேட்டாவாம். அந்தக் காலத்தில் வந்தவர்கள் எல்லாரும் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தவர்கள்தானே. அண்ணை, மற்றப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். மதிலோரத்தைக் காட்டினார்கள். “அங்க விடுங்கோ. இவள் தனிய இருக்கமாட்டாள்,” என்று சொல்லிவிட்டார். அந்த வரிசைக்கு இருபது வருஷம்தான், அதற்குமேல் ஒருநாளும் நீடிக்க ஏலாது என்று அந்த அலுவலர் சொல்லித்தான் இருப்பார். அந்த நேரத்தில் அது யார் காதில் ஏறும்? எங்கள் ஊரில் கல்லறை கட்டிவிட்டால் பிறகு அதில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். மண்ணுக்கும் தவணை இருக்கும் என்று குருநகர் மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

பிள்ளை போன பிறகு அண்ணை உணவகத்து வேலையை விட்டுவிட்டு, சேமக்காலையில் கிடங்கு வெட்டுகிற வேலை கேட்டுப் போனார். பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கத்தான் என்று எங்களுக்கு விளங்கியது. அங்கேயும் அவருடைய வாய் மாறவில்லை. ஒரு ஜெர்மன் கிழவி தன் புருஷனை அடக்கம் செய்த மறுநாள் வந்து, குழிக்குள்ளே ஈரமில்லாமல் இருந்ததா என்று அவரிடம் கேட்டிருக்கிறா. வேறு யாராவது என்றால் ஓம் என்று தலையாட்டி அனுப்பியிருப்பார்கள். இவர், தண்ணி ஊறினது, விடிய வந்து இறைத்தேன், ஆனாலும் பெட்டி வைக்கும்போது அடியில் கொஞ்சம் ஈரம் இருந்தது என்று சொல்லியிருக்கிறார். கிழவி நின்ற நிலையில் அழுதா. பிறகு தான் சாகும்வரைக்கும் ஒவ்வொரு மார்கழியும் நத்தாருக்கு இவருக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தா. சேமக்காலைப் பொறுப்பாளர், தாடிக்கார ஜெர்மன்காரர், பாண்கடையில் கோப்பி குடிக்கும்போது என்னிடம் சொல்லுவார், உங்கட ஆள் சொன்னால் அது அப்படித்தான், நான் திருப்பிப் பார்ப்பதில்லை என்று.

பிள்ளைகளின் வரிசைக்குத் தவணை முடிகிறது என்ற அறிவிப்புப் பலகையை மதிலோரம் நட்டதும் அண்ணைதான். அது அவருடைய வேலை. அந்த இடத்தைக் கிண்டிச் சமப்படுத்தி, சாம்பல் பேழைகள் புதைக்கிற வளவாக்கப் போகிறார்கள். பலகையை நட்டுவிட்டு நேரே பாண்கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல், கைகழுவாத மண்ணோடு நின்றார். “என்ன அண்ணை?” என்று கேட்டேன். “பிள்ளையை எழுப்பப் போறாங்கள்,” என்றார்.

பிறகு அவர் ஏறாத படி இல்லை. அலுவலகத்தில் கேட்டார். சட்டம், எல்லாத் தாய் தகப்பனுக்கும் ஒன்றுதான் என்றார் தாடிக்காரர், அவருக்கும் கண் கலங்கியிருந்தது. கோயில் பங்குச் சுவாமியிடம் போனார். நிலம் நகரசபையுடையது, நான் என்ன செய்ய என்றார் சுவாமி. நகரசபையில் சந்திக்க நேரம் கேட்டு ‘டெர்மின்’ எடுத்து நானும் கூடப் போனேன். அங்கே ஒரு நல்ல பெண் இருந்து ஆறுதலாகக் கதைத்தா. விரும்பினால் எச்சங்களைத் தோண்டி எடுத்து, புதுசாக ஒரு குடும்ப இடத்தில் வைக்கலாம், அதற்கு ‘அன்ட்ராக்’, விண்ணப்பம் எழுதலாம் என்றா. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அக்காவின் முகமும் தெளிந்தது. அண்ணை சுவரோடு நின்றார். ஒரு சொல் பேசாமல் நின்றிருக்கலாம், ஆண்டவரே. “அது மணல் கலந்த ஈர மண். இருபது வருசம். சின்ன எலும்பு. எடுக்க ஒண்டும் இராது,” என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினா. “அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரோட கதைச்சனான்?” என்று கேட்டா. அதற்குப் பிறகு அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டா. சமைப்பா, சாப்பாட்டை மூடி வைப்பா, அறைக்குள் போய்விடுவா. அண்ணை எலும்பும் தோலுமாகப் போனார். மண் கிண்டுகிற பெக்கோ இயந்திரம் வரும் நாள் குறித்தார்கள். தனக்கு ஏலாது என்று தாடிக்காரரிடம் முதலில் சொன்னாராம். அப்படியென்றால் வெளியாட்களைக் கூப்பிடுகிறேன் என்று அவர் சொல்ல, “வேற ஆக்களோ? அப்ப நானே செய்யிறன்,” என்று திரும்பி வந்தாராம். இந்த மனுஷன் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்து, அவர் போகும்போதும் வரும்போதும் கடைக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் அமெரிக்காவிலிருந்து ஒரு வயதான பெண் வந்து இறங்கினா. வெள்ளைத் தலைமுடி, மழைச்சட்டை, தோளில் ஒரு துணிப்பை. பாண்கடையில் இங்கிலிஷ் தெரிந்தது நான் ஒருத்திதான், யாழ்ப்பாணத்துக் கொன்வென்ற் புண்ணியம். தன்னுடைய பூட்டனுக்குப் பூட்டன் ஒருவர் சின்னப் பையனாக இந்த ஊரிலிருந்து கப்பலேறிப் போனவர் என்றா. அமெரிக்கா இங்கிலாந்து அரசனுக்குக் கீழே இருந்த காலத்தில், குடியேறினவர்களின் படைக்குக் கேணலாக இருந்து, காடு வெட்டிக் கோட்டை கட்டி, தெருப் போட்டு ஒரு ஊரையே எழுப்பியவராம். அந்த ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறதாம். இந்த அம்மா குடும்ப வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறா.

மத்தியானம் அண்ணை வந்தார். “ஆர் உந்த அம்மா?” என்று கேட்டார். ஒரு கேணலின் குடும்பத்தைத் தேடி வந்திருக்கிறா என்று சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, “எந்தப் பக்கத்துக் கேணல்?” என்றார்.

எத்தனையோ கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். “எங்கட ஆக்கள் இல்லை அண்ணை. அமெரிக்காவில. கிட்டத்தட்ட முந்நூறு வருசத்துக்கு முந்தி. அங்க ஒரு ஊரை எழுப்பினவராம்.”

“அங்க முந்தி ஆர் இருந்தவை எண்டு கேளுங்கோ.”

“சும்மா இருங்கோ அண்ணை, பாவம்.”

“கேளுங்கோ.”

கேட்டேன். அந்த அம்மா கோப்பியைக் கலக்குவதை நிறுத்தினா. அங்கே ஆட்கள் இருந்தார்கள், கேணல் அவர்களைத் துரத்தினார், சிலரைக் கொன்றார், எங்கள் வீட்டில் அதை ஒருவரும் எழுதவில்லை, நான் எழுதப்போகிறேன் என்றா. நான் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். அவர் அந்த அம்மாவை நன்றாகப் பார்த்தார். “உண்மை கதைக்கிற மனுசி,” என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

கேணலைப் பற்றி எல்லாம் கிடைத்துவிட்டதாம். அந்த அம்மா தேடி வந்தது கேணலின் தங்கையை. கப்பலேறச் சில கிழமை இருக்கும்போது அந்தச் சின்னப் பிள்ளை செத்துப்போக, இங்கே புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தாய் அமெரிக்காவில் சாகும்வரைக்கும், அங்கே சின்னவளோடு ஒருவரும் இல்லை என்று மகனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாவாம். தாய்க்காகத்தான் கேணல் தான் எழுப்பின ஊருக்கு எங்கள் ஊரின் பெயரை வைத்தாராம். தங்கையின் பெயரோ வயதோ ஒன்றும் தெரியாது. கோயில் பதிவுகள் உலக யுத்தத்தில் எரிந்துபோயின. அவள் கிடந்த இடத்தில் ஒருக்கால் நிற்கவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றா.

அண்ணை அவவைச் சேமக்காலைக்குக் கூட்டிப்போனார், நானும் போனேன். அங்கே நின்று தன் வழமைப்படி உள்ளதைச் சொன்னார். “இங்க ஒருத்தரையும் வச்சிருக்கிறேல்லை எண்டு சொல்லுங்கோ. தவணை முடிஞ்சால் கிண்டி, மேல வேற ஆளை வைப்பினம். முந்நூறு வருசத்துக்கு முந்தின பிள்ளை எங்கயும் இல்லை.” அந்த அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதா. அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்தநாள் காலையில் நான் கடை திறக்கும்போதே அண்ணை வாசலில் நின்றார். சவரம் செய்து, கோயிலுக்குப் போடுகிற சட்டை போட்டிருந்தார்.

“அந்த அம்மா போட்டாவோ?”

“மத்தியான ரயிலுக்குத்தான் போறா. ஏன் அண்ணை?”

“கூப்பிடுங்கோ. நேற்று ஒண்டு சொல்ல மறந்திட்டன்.”

மறப்பதற்கு அவர் ஆள் இல்லை. நான் ஹோட்டலுக்கு ஃபோன் எடுத்தேன். அவர் போய்த் தாடிக்காரரையும் கூட்டிவந்தார். நாலு பேரும் பிள்ளைகளின் வரிசைக்குப் போனோம். அண்ணை ஜெர்மனில் கதைக்கத் தொடங்கினார். அவருடைய ஜெர்மன் எனக்குத் தெரியும், தட்டுத் தடுமாறி வருகிற வேலைத்தலத்து ஜெர்மன். அன்றைக்கு அது பாடமாக்கின மாதிரி ஒழுங்காக வந்தது. பல வருஷத்துக்கு முந்தி மதிலோரம் கிண்டும்போது ஆழத்தில் பழைய கல் ஒன்று தட்டுப்பட்டது, சின்னப் பிள்ளைக்கு வைக்கிற அளவுக் கல், அதில் இந்த அம்மா சொல்லுகிற குடும்பப் பெயர் பாதி தெரிந்தது, பிள்ளையைக் குழப்பக்கூடாது என்று அப்படியே மூடிவிட்டேன் என்றார். “எந்த இடத்தில்?” என்று தாடிக்காரர் கேட்டார். அண்ணை நடந்துபோய்த் தன் மகளின் குழியடியில் நின்றார்.

அந்த இடத்தில் மகளின் கல் இன்னும் நின்றது. கறுப்புக் கல், தமிழில் பெயர், மேலே சின்னப் படம். அந்த அம்மா குனிந்து படத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை யார் என்று என்னைக் கேட்டா. நான் அண்ணையிடம் திரும்பினேன். “அண்ணை, இது ஆர் எண்டு கேக்கிறா.”

அவர் கல்லைப் பார்க்கவில்லை. “தவணை முடிஞ்ச கல்லு எண்டு சொல்லுங்கோ. எடுக்கப்போறம்.”

நான் அதை அப்படியே இங்கிலிஷில் சொன்னேன். தாடிக்காரர் அண்ணையை நெடுநேரம் பார்த்தார். அந்தக் குழி யாருடையது என்று அவருக்குத் தெரியாதா என்ன? பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, என்னிடம் சொல்லுகிற அதே சொல்லைச் சொன்னார், இவர் சொன்னால் அது அப்படித்தான் என்று. அவர் நம்பிச் சொன்னாரா, நம்பாமல் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. தோண்டிப் பார்க்கலாமா என்ற பேச்சு வந்தபோது அந்த அம்மாவே பதறிப்போய்த் தடுத்தா. இவ்வளவு காலம் கிடந்த பிள்ளை, இனி இந்த இடத்தில் ஒருவரும் மண்வெட்டி வைக்கக்கூடாது என்றா. அண்ணைக்கு நான் அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவர் அப்படியே மதிலோரம் உட்கார்ந்துவிட்டார்.

நகரசபைக்குச் சந்தோஷம். அமெரிக்காவில் தங்கள் பெயரில் ஒரு ஊர் இருக்கிறது, அதற்கொரு நினைவுக்கல் என்றால் யாருக்குக் கசக்கும்? வரிசையின் அந்த முனையைப் பெக்கோ தொடாது என்று முடிவானது. மற்றப் பிள்ளைகளின் இடமெல்லாம் சமமாகிப் போனது. அண்ணை மகளின் கல்லைத் தன் கையாலேயே பெயர்த்து எடுத்தார்.

அக்காவுக்கு அன்றைக்குத்தான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. நான் அவர்களுடைய குசினியில் நின்றேன். “என்ர பிள்ளையின்ர தலைமாட்டில ஆற்றையோ பிள்ளையின்ர கல்லோ?” என்று கேட்டா.

“அவளை இனி ஒருத்தரும் கிண்டமாட்டினம்,” என்றார் அண்ணை.

“பேர்?”

“பேர் உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.”

“நாங்கள் செத்தாப் பிறகு?”

ஒரு ஆறுதலுக்காவது ஏதாவது சொல்லியிருக்கலாம். “அது எனக்குத் தெரியாது,” என்றார். அக்கா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு கத்தினா. அதற்குப் பிறகு அக்கா சேமக்காலைப் பக்கம் போகவில்லை. ஆவணி மாதம் கெவலார் மாதா திருவிழாவுக்குப் போனால் மட்டும் பிள்ளையின் பெயரில் ஒரு மெழுகுதிரி கொளுத்துவா.

அண்ணையும் ஒன்றை விட்டார். ஞாயிறு பூசைக்கு வருவார், கடைசி வாங்கில் இருப்பார், நற்கருணை வாங்க எழும்ப மாட்டார். சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாங்கலாமே, ஆண்டவருக்கு விளங்காதோ என்று நான் கேட்டேன். “செய்ததுக்கு நான் மனம் வருந்தேல்லை, எனக்கு மனஸ்தாபம் இல்லைத் தங்கச்சி. இல்லாத மனஸ்தாபத்தை இருக்கெண்டு சொன்னால் அதுவும் பொய்,” என்றார். போய்ச் சேரும்வரைக்கும் அவர் நற்கருணை வாங்கவில்லை. சுவாமிக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும், அதனால் நானும் சில நாள் எழும்பாமல் அவருக்குப் பக்கத்தில் இருப்பேன்.

புதுக் கல் திறந்த அன்று நகரபிதா வந்தார், ஊர்ப் பாண்டு வாத்தியம் வந்தது, அமெரிக்க அம்மாவும் வந்தா. கல்லில் கேணலின் குடும்பப் பெயர். பழைய கல்லைக் கண்ட இடத்தைப் பற்றிச் சொல்லும்படி நகரபிதா அண்ணையைக் கூப்பிட்டார். அவர் முன்னால் வந்து அதே பொய்யை அதே சொற்களில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த அம்மா கல்லைத் தடவிக்கொண்டு, இவளைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது, ஒரு சின்ன விஷயம்கூடத் தெரியாது என்று அழுதா.

அண்ணை என் பக்கம் குனிந்தார். “தண்ணிக்குப் பயம் எண்டு சொல்லுங்கோ.”

“என்ன அண்ணை?”

“குளிக்கத் தண்ணி வார்க்கேக்குள்ள கத்துவாள். தெருமுனை மட்டும் கேக்கும். சொல்லுங்கோ.”

இருபது வருஷத்தில் அந்தப் பிள்ளை உயிரோடு இருந்ததைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தண்ணி என்றால் பயமாம் என்று அந்த அம்மாவுக்குச் சொன்னேன். ஊரில் வழிவழியாகச் சொல்லிவருகிற கதை என்று எடுத்துக்கொண்டா போலிருக்கிறது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கோடையில் அந்த அம்மா பேரப்பிள்ளைகளோடு திரும்ப வந்தா. குடும்ப வரலாறு புத்தகமாகிவிட்டதாம். அவர்களுடைய ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடக் கேணலின் தங்கையைத் தெரியுமாம். கல்லுக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தி வைத்துக் கதை சொன்னா. நான் பக்கத்தில் நின்றேன். அண்ணை கொஞ்சம் தள்ளிச் சரளைக்கல் பாதையை வாரிக்கொண்டிருந்தார், அப்போதே ஆள் நல்லாய் மெலிந்திருந்தார்.

“என்ன சொல்லுறா?” என்று கேட்டார்.

“பிள்ளைக்குத் தண்ணி எண்டால் பயமாம். மழை பெஞ்சால் கட்டிலுக்குக் கீழ ஒளிப்பாளாம். ஆத்தைக் கண்டால் கத்துவாளாம். கடல் கடக்கேலாது எண்டுதான் கடவுள் முந்தியே எடுத்தாராம்.”

அண்ணை வாரியைக் கீழே போட்டுவிட்டு எங்களிடம் வந்தார்.

“பிழை,” என்றார். “மழைக்குப் பயமில்லை. மழை பெஞ்சால் அவளைப் பிடிச்சு வைக்கேலாது, சப்பாத்தும் போடாமல் வாசலுக்கு ஓடிப்போடுவாள். ஆத்துக்கும் பயமில்லை, கல்லெறிவாள். தலையில வார்க்கேக்குள்ள கண்ணுக்குள்ள சவுக்கார நுரை போயிடும் எண்டுதான் பயம். அவ்வளவுதான். திருத்திச் சொல்லுங்கோ தங்கச்சி. சின்னப் பிள்ளையளுக்குப் பொய் சொல்லக்கூடாது.”

நான் திருத்திச் சொன்னேன். அந்த அம்மா அங்குமிங்கும் ஓடின பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினா.